அறிந்தவர் ஒருவர், அறுபடுபவர் வேறொருவர்

நோயாளிகளை நோயிலிருந்து காப்பாற்றும் மருத்துவமனைகள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அதற்காகத்தானே கட்டிடம், கட்டில், கத்தி எல்லாம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள்? ஆனால் நோயாளிகளை நோயைப் பற்றிய செய்தியிலிருந்து காப்பாற்றும் மருத்துவமனை மனித குலத்துக்குக் கிடைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். அது இருக்கும் திசையை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டும்.

அங்கே ‘நோயாளி உரிமைச் சாசனம்’ என்று ஒன்று உண்டு. ஆளுயரப் பலகை, பொன்னிற எழுத்து. அதில் முதல் உரிமையே ‘தன் உடம்புக்கு என்ன என்று அறியும் உரிமை’தான். இத்தனை அருமையான பொருளை வரவேற்பறையில் மாட்டினால் போகிறவர் வருகிறவர் கை பட்டு அழுக்காகிவிடும் என்று, உள்ளே ‘உறவினர் ஆலோசனை அறை’யில் பத்திரமாக மாட்டியிருந்தார்கள். அந்த அறையின் கதவில் இன்னொரு சின்னப் பலகை: ‘நோயாளிகள் உள்ளே வரக் கூடாது.’

இந்தக் கதவுக்கு எதிரே போட்டிருந்த பெஞ்சில்தான் டிரைவிங் டீச்சர் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். மீதிப் பேர் அவள் போடும் சத்தத்துக்குப் பயந்து பஸ்ஸில் போகிறவர்கள். அவளுடைய பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் அதை அவள் மிதித்து யாரும் பார்த்ததில்லை. “பிடி!” என்று ஒரு அதட்டல். வண்டி நின்றுவிடும். சில சமயம் எதிரே வருகிற வண்டியும் நின்றுவிடும். அந்தக் குரலை வைத்துத்தான் அவள் பிழைப்பு. அது கொஞ்ச காலமாகக் கரகரத்து, பாதி வாக்கியத்தில் வெறும் காற்றாகப் போக ஆரம்பித்திருந்தது. உடம்பும் இளைத்திருந்தது.

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். இன்றைக்கு முடிவு சொல்லும் நாள். முடிவைக் கேட்க உள்ளே போயிருந்தவர்கள் இரண்டு பேர்: ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற அவள் அண்ணன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது தொண்டை.

உள்ளே நடந்ததை வாசகரிடம் சொல்வதில் தடையில்லை. நீங்கள் நோயாளி இல்லையே. குரல்வளையில் புற்றுநோய். வழி இரண்டு இருக்கிறது என்றார் டாக்டர். ஒன்று, குரல்வளையை மொத்தமாக எடுத்துவிடுவது. உயிருக்கு நல்லது, ஆனால் பேச்சு போய்விடும், மூச்சுகூடக் கழுத்தில் போடும் துளை வழியாகத்தான். இன்னொன்று, கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் கொடுப்பது. குரல் தப்பிக்கலாம், ஆனால் நோய் திரும்பி வர இடமுண்டு.

“எது வேணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும்” என்றார் டாக்டர்.

“அவங்கன்னா நாங்கதானே?” என்றார் அண்ணன்.

டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. “ஆமா” என்றார்.

“எடுத்துடுங்க டாக்டர்” என்றார் கணவர். “உயிர்தான் முக்கியம். பேச்சுப் போனா போகுது.” சொல்லிவிட்டு ஒரு கணம் எதையோ யோசித்தார். அந்த யோசனையில் துக்கத்தைத் தவிர வேறெதுவும் கலந்திருக்கவில்லை என்றே நாம் நம்ப வேண்டும்.

“ஆனா அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா.”

“பொதுவா நாங்க சொல்றதில்லை. கேட்டாத்தான்...”

“கேட்டா?”

“கேட்டாலும் சொல்றதில்லை.”

கதவு திறந்தது. டீச்சர் எழுந்து நின்றாள்.

“என்னங்க சொன்னாரு?”

“ஒண்ணுமில்லை. சின்னதா ஒரு புண்ணு. சுத்தம் பண்ணணுமாம்.”

“எதை?”

“தொண்டையைத்தான்.”

“அதுக்கு எதுக்கு அண்ணன் அழறாரு?”

“உள்ள ஏசி. கண்ணு எரியுதாம்.”

அண்ணன் ஆமாம் என்று தலையாட்டி மூக்கைச் சிந்தினார்.

*

வைத்திய சாஸ்திரம் எவ்வளவோ முன்னேறிவிட்டது என்கிறார்கள். ஆனால் உடம்பு மோசம் என்பதைக் கண்டுபிடிக்க, சொந்தக்காரர்களை மிஞ்சிய கருவி இன்னும் வரவில்லை. ஒரு சுற்றுச்சுவர்த் தகராறில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த அண்ணன், தினமும் வந்து ஆரஞ்சு உரித்துக் கொடுக்க ஆரம்பித்தார். கொட்டையைக்கூட எடுத்துவிட்டுக் கொடுத்தார். அவள் பயந்துபோனாள்.

“அண்ணே, அந்தச் சுவரு...”

“சுவரு என்ன பெரிய சுவரு? இடிச்சுடலாம் பாப்பா. உன்னைவிடவா?”

அவளை ‘பாப்பா’ என்று அவர் கூப்பிட்டது அவள் கல்யாணத்துக்கு முன்னால். இனி இதற்குமேல் ரத்தப் பரிசோதனை எதற்கு?

கணவரும் சும்மா இருக்கவில்லை. விஷயத்தை ரகசியமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. தெருவில் பார்க்கிறவர்களை எல்லாம் நிறுத்தி, “யார்கிட்டயும் சொல்லாதீங்க, முக்கியமா அவ காதுக்குப் போகக் கூடாது” என்று எச்சரித்துவிட்டு, எது போகக் கூடாது என்பதை விவரமாகச் சொன்னார். கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் பென்சிலோடு சேர்த்து இதையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களும் ரகசியம் காக்கத் தெரிந்தவர்களே. ஆளுக்கு ஒரு குடும்பத்துக்கு மேல் சொல்லவில்லை.

விளைவு, பயிற்சிக் காரில் தெரிந்தது. வாரக்கணக்காகக் கிளட்சும் பிரேக்கும் புரியாமல் அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்த வங்கி மேனேஜர் ஒரு நாள் அவ்வளவு பதவிசாக ஓட்டினார்.

“என்ன சார், திடீர்னு இவ்வளவு ஒழுங்கா ஓட்டறீங்க?”

“உங்களைச் சத்தம் போட வைக்கக் கூடாதுன்னுதான் டீச்சர்” என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டார். “பெட்ரோலும் மிச்சமாகும்ல?”

அவள் வேறொரு டாக்டரைப் போய்ப் பார்த்தாள். அவர் மிகவும் நல்லவர். “பழைய ரிப்போர்ட் எல்லாம் உங்க வீட்டுக்காரர்கிட்டதானேம்மா இருக்கும்? அவரை வரச் சொல்லுங்க, அவர்கிட்டப் பேசிக்கறேன்” என்று ஆறுதலாகச் சொல்லி அனுப்பினார்.

இருட்டில் லைட் போடாமல் வண்டி ஓட்டுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. பள்ளம் எங்கே என்று தெரிந்தால் ஒடித்துத் திருப்பலாம். பள்ளமே இல்லை என்று எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னால் என்ன செய்வது?

அவள் நேராகச் சட்ட அலுவலரிடம் போனாள்.

மருத்துவமனைக்கு எதற்குச் சட்ட அலுவலர் என்று சிலர் கேட்கக்கூடும். கத்தியைக் கையில் எடுக்கும் எந்த நிறுவனத்துக்கும் பக்கத்தில் ஒரு வக்கீல் இருப்பது நல்லது. இவர் சிரித்த முகம். சாசனத்தை எழுதியவரும் இவரே.

“எனக்கு என்ன வியாதின்னு எனக்குத் தெரியணும் சார்.”

“கண்டிப்பா! அது உங்க உரிமை. அதை யாரும் உங்ககிட்ட இருந்து பறிக்க முடியாது.”

“அப்ப சொல்லுங்க.”

“அதான் சொன்னேனேம்மா, உரிமை இருக்குன்னு.”

“உரிமை இருக்கட்டும் சார். வியாதி என்ன?”

சட்ட அலுவலர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். தெளிவாக விளக்குவதில் அவருக்கு நிகர் கிடையாது. “இங்க பாருங்கம்மா. ஒருத்தர் உடம்புல கத்தி வைக்கணும்னா ‘விவரம் அறிந்த சம்மதம்’ வேணும். இது சட்டம். நாங்க சட்டத்தை ஒரு நூல்கூட மீற மாட்டோம். விவரம் அறிஞ்சாச்சு. சம்மதமும் கிடைச்சாச்சு.”

“யாரு அறிஞ்சது?”

“உங்க வீட்டுக்காரர்.”

“யாரு சம்மதிச்சது?”

“அவரேதான். ரெண்டும் ஒரே ஆளுங்கறதால குழப்பத்துக்கே இடமில்லை.”

“கத்தி யாருக்கு?”

“அது உங்களுக்கு. எல்லாப் பாரத்தையும் ஒருத்தர் தலையிலேயே ஏத்தக் கூடாதில்லையா? அறியறவர் ஒருத்தர், அனுபவிக்கிறவர் ஒருத்தர். இதுக்குப் பேரு அதிகாரப் பகிர்வு.”

“என் கையெழுத்து வேண்டாமா?”

அவர் புண்பட்டுவிட்டார். “எங்களை என்னன்னு நினைச்சீங்க? உங்க கையெழுத்து இல்லாம ஒரு நகத்தைக்கூட வெட்ட மாட்டோம். கடைசிப் பக்கத்துல போட்டாப் போதும். முன்னாடிப் பக்கத்தை எல்லாம் வீட்டுக்காரர் படிச்சுட்டாரு.”

“சொன்னாத்தான் போடுவேன்” என்றாள் அவள். வாக்கியம் முடிவதற்குள் குரல் காற்றாகிவிட்டது.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் அவர், எதை யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாமல்.

*

மூச்சு விடுவதே சிரமமாகிக்கொண்டு வந்ததால் அவள் வார்டில் சேர வேண்டியதாயிற்று. மறுநாள் காலையில் ‘சுத்தம்’. கடைசிப் பக்கம் மட்டும் கையெழுத்தாகாமல் கட்டில் ஓரத்து மேஜையில் கிடந்தது. முன் பக்கங்களை அவள் கண்ணில் படாமல் கழற்றி எடுத்துவிட்டார்கள்.

“போட்டுடேன்” என்றார் கணவர். “என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?”

“உங்க மேல நம்பிக்கை இருக்கு. ஆனா தொண்டை என்னோடதுங்க.”

“உனக்கு நல்லதுதான் பண்றேன்.”

“அந்த நல்லது என்னன்னு சொல்லுங்க.”

அவர் வாயைத் திறந்தார். நியாயத்தைச் சொன்னால், அவர் கெட்ட மனிதர் இல்லை. வீட்டுக்கு வந்தால் தனியாக மாடிப்படியில் உட்கார்ந்து அழுகிறவர்தான். சொன்னால் அவள் உடைந்துவிடுவாள் என்பது அவர் சொன்ன காரணம். அவள் உடைவதைத் தான் பார்க்க வேண்டியிருக்கும் என்பது சொல்லாத காரணம். அவர் எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அது சரியாக மூடவில்லை என்று மறுபடியும் இழுத்தார்.

டீச்சருக்குப் பொறுமை போயிற்று. மருந்து கொடுக்க வந்த தலைமை நர்ஸிடம் நேராகவே கேட்டாள்.

“சிஸ்டர், எனக்குக் கேன்சரா?”

வார்டே ஆடிப்போய்விட்டது. தலைமை நர்ஸ் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். “டீச்சர்! அந்த வார்த்தையை எல்லாம் இங்க வாயில எடுக்கலாமா? இது ஆஸ்பத்திரி!”

“பின்ன எங்க எடுக்கறது?”

“வீட்டுக்குப் போய்...” என்று ஆரம்பித்தவர், அங்கேயும் கூடாது என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். “நல்லதையே நினைங்க.”

“எது நல்லதுன்னு தெரிஞ்சாத்தானே நினைக்க முடியும்?”

அடுத்து வந்தவர் கலாச்சார ஆய்வாளர். உடம்பைச் சமூகமும் கலாச்சாரமும் எப்படிப் பார்க்கின்றன என்று புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அறிவியலோடு நிற்காமல் மனிதரையும் பார்க்கும் இம்மாதிரி அறிஞர்கள் இல்லாவிட்டால் மருத்துவம் என்ன ஆகியிருக்கும்? ஒலிப்பதிவுக் கருவியை டீச்சரின் தலையணை மேல் வைத்தார்.

“நம்ம கலாச்சாரத்துல நோயாளிங்க தங்களோட நோயைத் தெரிஞ்சுக்க விரும்பறதில்லை. அதைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?”

“நான் விரும்பறேனே?”

“அது உங்க சொந்தக் கருத்து. நான் கலாச்சாரத்தைக் கேக்கறேன்.”

“கலாச்சாரத்துக்கா தொண்டை வலிக்குது? எனக்குத்தானே வலிக்குது?”

“அருமை!” என்று ஆய்வாளர் மகிழ்ந்தார். “இந்தக் கோபம் இருக்கு பாருங்க, இதுவும் ஒரு கலாச்சார வெளிப்பாடுதான். இதே மாதிரி கேஸ்ல பொதுவா பெண்கள் அழுவாங்க.”

“எந்த மாதிரி கேஸ்ல?”

ஆய்வாளர் கருவியை அணைத்தார். “ஆய்வு நெறிப்படி, உங்க நோயைப் பத்தின விவரத்தை நான் யார்கிட்டயும் வெளியிடக் கூடாது.”

“நான்தாங்க அந்த நோயாளி!”

“அதனாலதான் உங்ககிட்ட இன்னும் கவனமா இருக்கேன்” என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

*

அன்றைக்கு மாலை மருத்துவமனையில் ‘அறியும் உரிமை நாள்’ விழா. வருஷம் தவறாமல் நடப்பது. இந்த முறை விசேஷம் என்னவென்றால், நோயாளி நேயத்துக்கான விருது ஒன்றை அங்கே கொடுக்கப் போவதாகச் சொல்லி, வெளியூரிலிருந்து ஒரு நடுவர் வந்திருந்தார். நோயாளிகளுக்கான விழா என்பதால் ஒரு நோயாளியும் மேடையில் இருந்தால் பார்வைக்கு நன்றாயிருக்கும் என்று யாருக்கோ கடைசி நேரத்தில் தோன்றியது.

“டீச்சரைப் பேசச் சொல்லலாம். ரெண்டு வார்த்தை நன்றி சொன்னாப் போதும்” என்றார் தலைமை நர்ஸ். டீச்சரின் தலையை வாரிவிட வந்தவருக்குக் கண் கலங்கியது. “பேசிடுங்க டீச்சர். இன்னைக்கு விட்டா...”

“இன்னைக்கு விட்டா?”

“இன்னைக்கு விட்டா, அடுத்த வருஷம்தான் விழா வரும்.”

சீப்பு பாதித் தலையில் நின்றது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சருக்கு, யாரும் சொல்லாமலே ஒரு பாதி புரிந்தது. அவள் கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று.

“பேசறேன்” என்றாள்.

சேர்க்கப்பட்ட நோயாளி அந்த மருத்துவமனையில் தன் காலால் நடக்கக் கூடாது. ஓடினவரையும் பிடித்து உட்கார வைப்பார்கள். ஆகவே டீச்சர் சக்கர நாற்காலியில் வந்தாள். நோயாளிக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் கணவர் பின்னால் நின்று தள்ளினார். அரங்கம் நிரம்பியிருந்தது. டாக்டர்கள், நர்ஸ்கள், வார்டு பாய்கள், கேன்டீன்காரர், அண்ணன், அண்ணன் பெண்டாட்டி, கார் கற்றுக்கொள்ளும் மாணவர்கள், வங்கி மேனேஜர். முன்வரிசையில் ஆய்வாளர் கருவியோடு.

சட்ட அலுவலர் வரவேற்றார். “எங்கள் மருத்துவமனையில் ஒரு நோயாளிக்குத் தெரியாத எதுவும் நடப்பதில்லை, நடந்தால் அது அவருக்குத் தெரிவதில்லை” என்று அவர் பேசியது கைதட்டலில் சரியாகக் கேட்கவில்லை. பிறகு மைக்கை டீச்சரிடம் நீட்டினார்கள்.

“எல்லாருக்கும் வணக்கம்” என்றாள். கரகரத்த குரல் ஒலிபெருக்கியில் சரளைக்கல் மாதிரி உருண்டது. “நன்றி சொல்லச் சொன்னாங்க. சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. எனக்கு என்ன வியாதின்னு இங்க யாருக்கெல்லாம் தெரியும்? தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க.”

யாரும் அசையவில்லை.

“பொய் சொல்லாதீங்க. நாளைக்குக் காலையில நான் ஆபரேஷன் கட்டில்ல படுக்கப் போறவ.”

முதலில் ஆய்வாளர் தூக்கினார்; உண்மைக்குக் கட்டுப்பட்டவர். பிறகு வங்கி மேனேஜர். பிறகு நர்ஸ்கள். அண்ணன், அண்ணன் பெண்டாட்டி. கேன்டீன்காரர் கரண்டியோடு தூக்கினார். வெளியூரிலிருந்து வந்து இறங்கிய நடுவர்கூட, காரில் வரும்போது டிரைவர் சொன்னது நினைவுக்கு வந்து, பாதி தூக்கினார். டீச்சர் தலையைத் திருப்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். கணவர் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்தபடி, இன்னொரு கையை மெதுவாகத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“நன்றி” என்றாள். “இப்ப உங்கள்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இங்க வந்து அதை எனக்குச் சொல்லுங்க.”

அத்தனை கைகளுக்கும் ஒரே சமயத்தில் வேறு வேலை வந்துவிட்டது. ஒன்று தலை சொறியப் போயிற்று, ஒன்று மூக்குக் கண்ணாடியைத் துடைக்கப் போயிற்று. கேன்டீன்காரர் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

நடுவர் சட்ட அலுவலர் பக்கம் சாய்ந்தார். “இவங்களுக்கு உரிமை குடுக்கலையா?”

“உரிமை குடுத்தாச்சு சார். செய்திதான் குடுக்கலை.”

நடுவர் முகம் மாறியதைக் கண்டு, சட்ட அலுவலர் பாய்ந்து மைக்கை வாங்கினார். “விதி தெளிவாக இருக்கிறது. நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்று பொறுப்பாளர் கேட்டுக்கொண்டால், நோயாளியிடம் சொல்லக் கூடாது. பொறுப்பாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதைச் செய்திருக்கிறோம்.”

“நோயாளின்னா யாரு சார்?” என்று கேட்டாள் டீச்சர், மைக் இல்லாமல்.

“சக்கர நாற்காலியில் இருப்பவர்.”

“பொறுப்பாளர்?”

“அதற்குப் பின்னால் நிற்பவர். இதில் என்ன சந்தேகம்?”

டீச்சர் எழுந்தாள். இரண்டு வார்டு பாய்கள் பதறி ஓடிவந்தார்கள். அவள் அவர்களைக் கவனிக்காமல் கணவர் பக்கம் திரும்பினாள்.

“என்னங்க, இப்படி வந்து உக்காருங்க.”

“நானா? எதுக்கும்மா? எல்லாரும் பார்க்கறாங்க...”

“உக்காருங்க!”

எங்கிருந்துதான் வந்ததோ, பழைய குரல் முழுசாக வந்தது. கணவர் உட்கார்ந்துவிட்டார். பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்த மாணவர்கள் வலது காலால் இல்லாத பிரேக்கை அழுத்தி மிதித்தார்கள். வங்கி மேனேஜர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர், இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தார்.

டீச்சர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

“இப்ப?”

அரங்கம் சட்ட அலுவலரைப் பார்த்தது. சட்ட அலுவலர் நடுவரைப் பார்த்தார். நடுவர் மேஜை மேல் இருந்த விருதைத் தன் பக்கம் லேசாக இழுத்துக்கொண்டார். சட்டம் என்பது வளைந்து கொடுக்காதது. ஆனால் அன்றைக்கு அது வளைய வேண்டிய அவசியமே நேரவில்லை.

“விதிப்படி,” என்றார் சட்ட அலுவலர், “இப்போது பொறுப்பாளரிடம் சொல்லியே ஆக வேண்டும்.”

தொண்டை டாக்டர் விருட்டென்று எழுந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நின்றுகொண்டிருப்பவர்களிடம் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

“பொறுப்பாளர் மட்டும் என்கூட வாங்க.”

*

உறவினர் ஆலோசனை அறை அவள் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு சோபா, கண் துடைக்கக் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, சுவர் முழுக்கச் சாசனம். டாக்டர் அவள் எதிரே உட்கார்ந்தார்.

“குரல்வளையில புற்றுநோய்ம்மா.”

அறை ஒரு நிமிஷம் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது. சொல்லத்தான் போகிறார் என்று தெரிந்திருந்தும், அந்தச் சொல் நேரில் வந்து நின்றபோது அவள் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஒன்று. இவ்வளவு நாளும் அவளைச் சுற்றி நின்ற இருட்டுக்கு இப்போது ஓர் அளவு கிடைத்துவிட்டது.

“நாளைக்குச் சுத்தம் பண்றதுன்னு சொன்னீங்களே?”

“குரல்வளையை எடுத்துடறது. அப்புறம் பேச்சு வராது.”

“வேற வழியே இல்லையா?”

“இருக்கு” என்று ஆரம்பித்து, கதிரைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் சொன்னார். குரல் தப்ப எவ்வளவு இடம், நோய் திரும்ப எவ்வளவு இடம், திரும்பினால் என்ன, மூச்சுக்கு என்ன வழி, விழுங்குவது எப்படி இருக்கும் எல்லாம் சொன்னார். நன்றாகச் சொன்னார். இவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் இதைச் சொல்லாமல் இருக்க என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைக்க, அவளுக்கே பாவமாக இருந்தது.

“இதை எல்லாம் முதல்லயே அவர்கிட்டச் சொன்னீங்களா?”

“எல்லாத்தையும் சொன்னேன்.”

“அவர் திருப்பி என்ன கேட்டாரு?”

“‘அவகிட்டச் சொல்லாம இருக்க முடியுமா’ன்னு கேட்டாரு.”

அவள் பெட்டியிலிருந்து ஒரு கைக்குட்டையை உருவினாள். கொஞ்ச நேரம் அழுதாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“நாளைக்குக் கத்தி வேண்டாம். யோசிக்கணும். கேக்க வேண்டியது இன்னும் இருக்கு. யோசிச்சுட்டு எது வேணும்னு நான் சொல்றேன்.”

“சரிம்மா. ரொம்பத் தள்ளிப் போடாதீங்க.”

“தெரிஞ்சுபோச்சுல்ல? இனிமே தள்ளிப் போட மாட்டேன்.”

அப்போதுதான் கதவு படபடவென்று தட்டப்பட்டது. அந்த மருத்துவமனையின் ஊழியர்கள் விதி தவறாதவர்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரை அரங்கிலிருந்து அப்படியே தள்ளிக்கொண்டு வந்து, மறுநாள் அறுவைக்கு ஆயத்தம் செய்யத் தொடங்கியிருந்தார்கள்.

“டாக்டர்!” கதவுக்கு வெளியே கணவரின் குரல் கிறீச்சிட்டது. “கதவைத் திறங்க! இங்க ஒருத்தன் என் கழுத்துல பேனாவால கோடு போட்டுக்கிட்டிருக்கான்! கேட்டா ‘ஒண்ணுமில்ல சார், சுத்தம் பண்றோம்’ங்கறான்! உள்ள உக்காந்துக்கிட்டு என்னைப் பத்தி ரெண்டு பேரும் என்ன பேசறீங்க? எனக்கு என்ன வியாதி, எதை எடுக்கப் போறீங்க? என் கழுத்து இது! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அய்யோ, கேக்கறதுக்கு ஆளே இல்லையா? மனுஷன்னா ஒரு மரியாதை கிடையாதா?”

நோயாளியின் அறியும் உரிமையைப் பற்றி அந்த மருத்துவமனையில் எத்தனையோ அறிஞர்கள் எத்தனையோ முறை பேசியிருக்கிறார்கள். இவ்வளவு ஆணித்தரமாக, இவ்வளவு உணர்ந்து, இவ்வளவு கண்ணீரோடு வேறு யாரும் பேசியதில்லை. பேசியவருக்கு உடம்பில் ஒரு வியாதியும் கிடையாது.